சாமிக்குப் போட்ட லொறிப் பாதை

காலை எட்டேகாலுக்குத் தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கினேன். மழை பெய்யவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. லிந்துலைக்குப் பஸ், முப்பது சதம். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மூன்று மைல் நடை, முழுக்க ஏற்றம். கண்டியில் துணிக்கடையில் உட்கார்ந்தே பழகிய கால்கள் பாதி வழியிலேயே என்னைத் திட்டத் தொடங்கிவிட்டன.

மேலே வந்ததும் திகைத்து நின்றேன். என் மனைவியின் அண்ணன் சுப்பையா அங்கேதான் வேலை செய்கிறார். முன்பு வந்தபோதெல்லாம் லயத்துக்கு மேலே அடர்ந்த காடு இருந்தது. அதன் ஊற்றுத் தண்ணீர்தான் லயத்துப் பீலிக் குழாயில் விழும். இப்போது அந்தக் காட்டின் நடுவே சிவப்பாக ஒரு பாதை ஏறிப் போகிறது. சுப்பையாவின் மனைவி பாக்கியம் பீலியடியில் குடத்தோடு நின்றாள்.

"வாங்கண்ணே. தண்ணியப் பாருங்க, தேத்தண்ணி மாதிரி வருது. துணியில வடிச்சுத்தான் ஒலையில ஊத்துறேன்."

எங்கள் தெருவுக்கு ஒரு பாதை கேட்டு நாங்கள் மனுப்போட்டு அலைகிறோம். இங்கே பாதை வந்ததற்கு வீடே துக்கம் காக்கிறது.

பகல் இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வந்தார் சுப்பையா. முகத்தில் களையே இல்லை.

"யாரு மச்சான் இந்த அநியாயத்தச் செஞ்சது?"

"நான்தான்."

விஷயம் இதுதான். விறகு ஏற்றும் லொறிக்காகக் காட்டோரமாகப் பாதை போடத் தோட்டத்துத் துரை முளையடித்தாராம். லொறி ஒருமுறை நுழைந்தால் காடு மிஞ்சாது, ஊற்றும் வற்றிப்போகும் என்று லயத்தார் போய்ச் சொன்னார்கள். துரை காதில் வாங்கவில்லை. ஆனால் சாமிக் கல்லை மட்டும் எந்தத் துரையும் தொடமாட்டார். ஆகவே சுப்பையா ஊற்றடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் குங்குமம் பூசி, சூலம் ஊன்றி, இது முனியாண்டி காடு என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டார்.

"தொரை வந்து பாத்து, தொப்பியக் கழட்டுனாரு. காடு தப்பிச்சிருச்சின்னு எனக்கு ஒரே சந்தோசம். அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? வழுக்குற வழியிலயா சாமி கும்பிடப் போறீங்க, பாவம், லொறிப் பாதையச் சாமி வரைக்கும் போட்டுத் தர்றேன்னுட்டாரு!"

அடக் கடவுளே! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பாதையில் ஏறிப் பார்த்தோம். இருபுறமும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. கல்லைச் சுற்றி மட்டும் மரியாதையாக ஏழெட்டு மரங்களை விட்டிருந்தார்கள். ஊற்றில் பாதியை மண் மூடியிருந்தது.

"உண்மையச் சொல்லிருங்களேன், மச்சான்."

"சொன்னா பத்துச்சீட்டக் குடுத்து வேலைய விட்டே அனுப்பிருவாங்க. பிள்ளைகளோட எங்க போறது? அதோட, தண்ணி தெளியணும்னு பாக்கியம் இந்தக் கல்லுக்கு நேந்துக்கிட்டா."

"நீங்க நட்ட கல்லுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"கல்ல எடுத்துக் குடுத்ததே அவதான்."

நாலரைக்குக் கிளம்பினேன். சுப்பையா லிந்துலை வரை கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம மொத லொறி ஏறுது. சாமி முன்னால என்னையத்தான் தேங்கா ஒடைக்கச் சொல்லியிருக்காரு தொரை. என்ன வேண்டிக்கிட்டு மச்சான் ஒடைப்பேன்?"

பஸ் வந்து நின்றது. முப்பது சதத்தை எண்ணிக்கொண்டே ஏறிவிட்டேன்.