காருக்குள் மஞ்சள் அரிசி

மகன் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒரு வாரமாக எங்கள் பாயா ரும்புட் வீட்டு வாசலில் நிற்கிறது. கண்ணாடி பாதியில் சிக்குகிறது, எங்கோ கடகடவென்று சத்தம் வேறு. இன்று அவன் இருக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மருமகள் பூசைத் தட்டோடு வந்தாள். நெய்யும் மஞ்சளும் பிசறிய அரிசியின் மணம் வந்ததும் எனக்கு அப்பாவின் கார் நினைவுக்கு வந்தது.

வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில் எனக்கு ஏழு வயது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான அப்பா, சீமைக்குத் திரும்பிய துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்புக் காரை வாங்கினார். மூன்று வாரம் கதவு, ஹாரன், வைப்பர் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். ஒரு கடகட சத்தம் மட்டும் அகப்படவில்லை. முதல் பயணத்துக்கு அம்மா பூசை போட்டு உள்ளே மஞ்சள் அரிசி தூவினாள்.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று தோட்டத்தைவிட்டு ஒரு பிடி அரிசியும் வெளியே போகக்கூடாத காலம். அப்பாவும் நானும் கிளம்பிப் போனபோது, தோட்டத்துக் கேட்டில் காவலர் இருக்கை இடுக்கில் விரலை விட்டார்.

"பெராஸ்" என்றார், விரலில் ஒட்டிய அரிசியைக் காட்டி.

"சாமிக்குப் போட்ட அரிசிலா, துவான்" என்று அப்பா எவ்வளவோ சொன்னார். இருக்கைகளைக் கிழித்து, கதவுகளைப் பிரித்துத் தேடிவிட்டு, பொழுது சாயத்தான் எங்களை விட்டார்கள்.

வீட்டில் அப்பா ஒரு துருப்பிடித்த திருகாணியை அம்மாவிடம் நீட்டினார். "கதவுக்குள்ள இதுதான் கெடந்துச்சு. சத்தம் நின்னுருச்சு" என்றார். பிறகு அந்தக் காரை அவர் தொடவேயில்லை. அன்று அம்மாவும் நானும் கிழிந்த இருக்கைப் பஞ்சுக்குள் விளக்கு வைக்கும்வரை அரிசி பொறுக்கினோம்.

"அரிசிய மட்டும் உள்ள போடாதம்மா" என்றேன் மருமகளிடம்.

"ஏன் அத்தை?"

"பொறுக்கி எடுக்க இனி எனக்கு முடியாது."