காய் விட்ட சனிக்கிழமை

பசுமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். பி.டி. என்றால் விளையாட்டு மட்டும்தான் என்று நம்பி வேலைக்கு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். டிசிப்ளின் இன்-சார்ஜும் நம் தலையில்தான் விடியும். விசில் பாதி, விசாரணை பாதி. ஒரு பையன் வலிய வந்து குட்மார்னிங் சொன்னால்கூட, என்ன செய்துவிட்டு வந்திருக்கிறானோ என்று யோசிக்கிற புத்தி எனக்கு.

1. உடைந்த போர்டு

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு, பிளஸ் டூ காமர்ஸ் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. புதிதாக மாட்டியது. அந்த அறையிலிருந்து மூன்று பேர் வெளியே போனதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். பெயர்களைக் கேட்டதும் எனக்குப் போர்டே மறந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் எதில் வருகிறாய் என்பதை வைத்துத்தான் செட்டு பிரியும். வேன் செட்டு, பஸ் செட்டு, ஹாஸ்டல் செட்டு. மாணவர் தலைவி ஹேமா வேன் செட்டு. வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிற குடும்பம். முத்துப்பாண்டி செக்கானூரணிப் பக்கம் விவசாய வீட்டுப் பையன், கபடி கேப்டன், பஸ் செட்டுக்கு அவன்தான் எல்லாம். டேனியல் ஹாஸ்டல். கேன்டீனில்கூட ஒரே பெஞ்சில் உட்காராத செட்டுகள். இந்த மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் என்றால், போர்டைவிடப் பெரிதாக ஏதோ நடக்கிறது என்று என் மனது அடித்துச் சொன்னது.

ஹெச்.எம். அவ்வளவு யோசிக்கவில்லை.

"அந்த பஸ் பயதான் சார் உடைச்சிருப்பான். நாளைக்கு மூணு பேரையும் உக்கார வைங்க. மத்தியானத்துக்குள்ள உண்மை வரலைன்னா அவனுக்கு டி.சி."

பரீட்சை நெருங்கிய நேரம். இப்போது டி.சி. கொடுத்தால் அவனை எந்தப் பள்ளியும் சேர்க்காது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்குப் போக வேண்டிய பையன். ஆனாலும் எனக்கு அவன் மேல் சந்தேகம் போகவில்லை.

2. ஜன்னலோரம்

சனிக்கிழமை காலை மூவரையும் டிராயிங் ஹாலில் மூலைக்கு ஒருவராக உட்கார வைத்தேன். கேட்டால் மூவருக்கும் ஒரே பதில்: "தெரியாது சார்." டேனியல் அரை மணி நேரத்தில் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிட்டான். குற்றவாளிக்கு இப்படித் தூக்கம் வராது. இவன் நடிக்கிறான் என்று முடிவு செய்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

டீ குடிக்கப் போகிறவன்போல வெளியே வந்து ஜன்னலோரம் நின்றேன். முத்துப்பாண்டி ஹேமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெடுக்கென்று திரும்பி, "காய்!" என்றாள். அவனும் "காய்!" என்றான். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால் காய் விடுவார்கள், சமாதானமானால் பழம் விடுவார்கள். இவர்கள் காய் விட்டுவிட்டார்கள், கூட்டணி உடைந்தது! பிளஸ் டூ படிக்கிற கழுதைகள் காய் விடுமா என்று ஒரு சந்தேகமும் வந்தது. எல்லாச் சந்தேகத்தையும் மதிக்கிற நான் அதை மட்டும் மதிக்கவில்லை. நேரே ஹெச்.எம்.மிடம் போய்ச் சொன்னேன்.

3. ஹெச்.எம். ரூம்

அவர் முத்துப்பாண்டியை மட்டும் அழைத்தார். டி.சி. மேஜைமேல் தயாராக இருந்தது.

"ஹேமா எல்லாத்தையும் சொல்லிருச்சுடா. நீதான் உடைச்சியாம்."

"அது சொல்லிருக்காது சார்."

"அதான் உங்களுக்குள்ள சண்டையாச்சே. காய் விட்டீங்கள்ல? பி.டி. சார் காதால கேட்டிருக்காரு."

அவன் என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் திணறினான்.

"சார், அது அவுக வீட்டுப் பேச்சு. காய்னா 'என்ன'ன்னு அர்த்தம். 'என்ன?'ன்னு கேட்டுச்சு, நானும் 'என்ன?'ன்னு கேட்டேன். அம்புட்டுத்தான். எனக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு வார்த்தைதான் சார்."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஹெச்.எம்.முக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீயே சொல்லு, யாரு உடைச்சது?"

"தெரியாது சார்."

அவர் பேனாவைத் திறந்தார். அப்போது ஹேமா அனுமதி கேட்காமல் உள்ளே வந்தாள். சட்டையிலிருந்து தலைவி பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான் சார். தினமும் சாயங்காலம் முத்துப்பாண்டிக்கு அக்கவுன்ட்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். டேனியல் என் டிபன்ல மிச்சமிருக்கிற புளியோதரைக்காக வருவான். நேத்து பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவே இல்ல. கோபத்துல இவன் மேல டஸ்டரை எறிஞ்சேன். இவன் குனிஞ்சிட்டான்."

"இதை நேத்தே சொல்றதுக்கு என்னம்மா? அது சரி, வேன்ல வர்ற பிள்ளைக்கு இவனுகளோட என்ன பழக்கம்?"

"இந்தக் கேள்விக்குப் பயந்துதான் சார் சொல்லல."

ஹெச்.எம். பேனாவை மூடினார். டி.சி.யைக் கிழித்து அவரே குப்பைக்கூடையில் போட்டார். பேட்ஜை அவளிடமே தள்ளினார், அவள் எடுக்கவில்லை. "என் செட்டு என்னைச் சேத்துக்காது சார். தலைவியா இருந்து என்ன செய்ய?" என்று அழுதாள். அந்த அழுகையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டிசிப்ளின் வேலைக்கு வருகிறவர்களே, தாராளமாகச் சந்தேகப்படுங்கள். அது நம் தொழில். ஆனால் ஒரு பொருள் உடைந்தால் யார் உடைத்தது என்று மட்டும் கேளுங்கள். யார் யாரோடு உட்கார்ந்திருந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் பள்ளியில் செட்டு பிரித்ததே பிள்ளைகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.