தங்கம் இழுக்கிற காந்தம்

எங்கள் சித்திக்குப் பொய் சொல்லவே வராது என்று அம்மா தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான், சித்தி என்னையும் தம்பியையும் ராயபுரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் புதையல் எடுக்கக் கூட்டிப்போனாள்.

எனக்கு எட்டு வயது. தம்பி ஒன்றாம் வகுப்பு. அம்மாவின் தங்கையான சித்தி, பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் முடித்துவிட்டு, எங்களோடு தங்கி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போய்வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்க வருவதாக இருந்தது. கரண்டு கம்பெனியில் நிரந்தர வேலை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தியோ "எனக்கு வோணாம்" என்பதற்கு மேல் வாயே திறக்காமல், சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். "இன்னா காரணம்னு சொல்லித் தொலையேன்டி" என்று அம்மா கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

என் கவலை வேறு. சித்தி போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள்? அம்மா பின்னினால் முடி வேரோடு வந்துவிடும்.

"பொதையலு கெடைச்சா நான் ஏன் அத்திப்பட்டுக்குப் போறேன்? இங்கயே இருந்துடுவேன்" என்றாள் சித்தி. அப்புறம் நான் சும்மா இருப்பேனா?

"ரயிலு வுட வந்த தொரைங்க, கப்பல்ல வந்த தொரைங்க அல்லாரும் அங்கதான் கீறாங்க. தங்கக் காசு இல்லாமலா பொதைச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. தங்கத்தை இழுக்க ஒரு காந்தமும் தயாராக வைத்திருந்தாள். நடுவில் ஓட்டையோடு பெரிய உளுந்துவடை மாதிரி இருக்கும். தெருமுனை மைக் செட் கடை அண்ணன் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக் கொடுத்தது. அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆடி மாதம் முழுக்க எங்கள் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர்தானே!

சித்தி வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் போனோம். கல்லறைத் தோட்டத்தில் பூவரச மரங்களும் நாலைந்து ஆடுகளும் தவிர யாரும் இல்லை. கடல் காற்று பாதிக் கல்லில் எழுத்தைத் தின்றிருந்தது. ஒரு கல்லில் நங்கூரம் செதுக்கியிருந்தது. "கல்லு மேல ஏறக் கூடாது, மண்ணத் தோண்டக் கூடாது. பாதையோரமா காந்தத்த இழுத்துகினே போங்க. அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிங்க" என்று எங்களைக் கடைசி மதில் வரைக்கும் அனுப்பிவிட்டு, சித்தி வாசல் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மைக் செட் அண்ணன் வந்தார். காந்தம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தாராம். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். தன் பொருள் மேல் இவ்வளவு அக்கறை உள்ள மனிதரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணி, சோடா மூடி, பாதிக் குதிரை லாடம். லாடத்தைத் தேய்த்தால் தங்கமாகிவிடும் என்று தம்பி சட்டையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை தம்பி காந்தத்தை டவுசர் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். காந்தம் அரிவாள்மனையில் டங்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

"இன்னாடா இது?"

நான்தான் முந்திக்கொண்டேன். "தங்கம் இழுக்கிற காந்தம்மா! மைக் செட் அண்ணன் குடுத்துச்சு. டெய்லி கல்லறைக்கு வந்து பாத்துகினு போவுது."

அம்மா கையைக் கழுவினாள். ஒரு காதுக் கம்மலைக் கழற்றிக் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனாள். அசையவில்லை. மேலேயே ஒட்டவைத்துப் பார்த்தாள், டிங்கென்று கீழே விழுந்தது. நிமிர்ந்தாள். கதவோரம் சித்தி முகம் செத்துப்போய் நின்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஐயோ பாவம், அம்மாவின் கம்மல் கவரிங்! இத்தனை வருஷம் தெரியாமலேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மா ஓவென்று அழுவாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள். "அடிப் பாவி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? இரு, உங்க மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். சித்தி ஓடிவந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கு அப்பா வந்ததும் அம்மாவும் அவரும் வெகுநேரம் பேசினார்கள். பேசட்டும், நகைக்கடைக்காரன் கவரிங்கைக் கொடுத்து ஏமாற்றினால் கேட்க மாட்டார்களா?

மறுநாள் காலை அத்திப்பட்டுக்காரர்களுக்கு வரவேண்டாம் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அம்மா எனக்கு வலிக்காமல் தலை வாரிவிட்டு, "இன்னிக்கும் போங்க. நல்லாத் தேடுங்க" என்றாள்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மைக் செட் அண்ணன்தான். சித்திக்குப் புகுந்த வீடு அடுத்த தெரு என்பதால் என் பின்னலுக்கும் ஆபத்தில்லை. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் அலறிக்கொண்டிருந்தபோது, நான் மணவறையில் ஏறி சித்தியின் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்: "அம்மா கம்மலு கவரிங்னு யார்கிட்டயும் சொல்லிடாத சித்தி. உன் வூட்டுக்காரர்கிட்டகூட!"

சித்திக்கு மாலை குலுங்க, கண் மை கரைய அப்படியொரு சிரிப்பு. போதாததற்கு மாப்பிள்ளை காதில் வேறு சொல்லிவிட்டாள். அவரும் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! எங்கள் அம்மாவின் மானம் போகிறது, இவர்களுக்குச் சிரிப்பா? நான் பெரியவளாகி வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு அசல் தங்கத்தில் கம்மல் வாங்கித் தருவது என்று அந்தப் பந்தலிலேயே முடிவு செய்தேன். வாங்கும்போது மறக்காமல் ஒரு காந்தத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.