திருச்சி டு கொழும்பு, ஒரு மணி நேரம்

1. டிரங்க் கால்

நான் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வருடம். கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட், பெயர் வேண்டாம். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களை அப்போது லயம் என்கிற வரிசை வீடுகளில் குடிவைத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் செல்லையாவும் அப்படி வந்தவர்தான். ஒருநாள் காலை சிலோனில் ஹட்டனிலிருந்து அவருக்குத் தந்தி வந்தது. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வா என்று.

அம்மா பல மாதமாகப் படுக்கையில் கிடந்ததால் பாஸ்போர்ட், விசா எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தார். வேண்டியது லீவு மட்டும். பதினைந்து நாள் கேட்டார்.

மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். ஊட்டிக்கு மீட்டிங் போய் வந்தால் களைப்புத் தீர மறுநாளும் பங்களாவை விட்டு வெளியே வரமாட்டார். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, சிலோன் அப்படி என்னங்க தூரம்? விசாரிச்சு பைல்ல எழுதுங்க. ரூல்படி வேகமான வழிக்குத்தான் பிரயாண நாள் குடுக்கோணும்."

வேகமான வழி என்றால் விமானம்தானே. நான் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. திருச்சியில் டிக்கெட் விற்கும் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் ஒரு மணி நேரம் சொச்சம் என்றார்கள். அதோடு விட்டேனா? சுவர் மேப்பில் நூல் பிடித்து மைல் கணக்கும் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடு இட்டேன். விமானத்தை நானே ஓட்டியது போல ஒரு மிதப்பு.

மேனேஜர் படித்துப் பூரித்துப்போனார். "போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மூணு நாள் தாராளங்க. நாலாம் நாள் காலைல பெரட்டுக்கு வந்து பேர் குடுக்கலீன்னா பேரை வெட்டிருவோம்." பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது.

கதவோரம் நின்றிருந்த செல்லையா வாயைத் திறந்தார். "தொரை, எங்கள கப்பல்லதான் ஏத்தி அனுப்புனாங்க. பிளேனுக்கு நான் எங்க போவேன்? ராமேஸ்வரம் போய்ச் சேரவே ரெண்டு நாளு. கப்பலும் தெனம் இல்ல. அங்கிட்டு எறங்கி ரயில்ல ஹட்டன் போகணும்."

"அதுக்கு ரூல் என்னங்க பண்ணும்?"

பேரை வெட்டினால் லயத்து வீட்டையும் பூட்டிவிடுவார்கள். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். செல்லையா கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார்.

2. பதினைந்து நாள் சாங்ஷன்

அதே வாரம் இன்னொரு தந்தி. ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கச் சொல்லி செல்லையா என்னிடம் நீட்டினார். அம்மா போய்விட்டார். என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார்.

மேனேஜருக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப் பாவமே. பதினஞ்சு நாளும் எடுத்துக்கட்டுங்க. சாங்ஷன் போட்டுக் குடுத்துருங்க."

"இப்ப எதுக்குங்க தொரை?" என்றார் செல்லையா. "இன்னைக்கே எடுத்துருவாங்க. எனக்கு ஒரு நாளு போதும். தலை முழுகிட்டு நாளைக்குப் பெரட்டுக்கு வந்துர்றேன்."

சொன்னபடி வந்தார்.

புதிதாக ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தூரத்தை எழுதும் முன், போகிற ஆள் எதில் ஏறிப் போவார் என்று அவரையே கேளுங்கள். நான் கேட்கவில்லை. அவராகவே வாய்விட்டுச் சொன்ன பிறகும் அந்தத் தாளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்.