ஜெமிமா டீச்சரின் திருத்தம்

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஜெமிமா டீச்சர் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறார். எதையும் மறைக்கத் தெரியாத பிறவி. குழம்பு கொடுத்தனுப்பினால், உப்பு கூடிப்போனதையும் சொல்லித்தான் அனுப்புவார். கணவர் கப்பலில் இருக்க, மகள் ரீபாவும் அவரும் மட்டும்தான் வீட்டில்.

சீவலப்பேரி போகிற வழியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் மருத மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் காலங்காலமாகத் தொங்கின. அவற்றுக்காக அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. டீச்சர் அவற்றின் எச்சத்தை எடுத்து வந்து சோதித்தபோது, ஆளைக் கொல்லும் வைரஸ் ஒன்றின் சாயல் தெரிந்தது.

ஆய்வை மற்ற நிபுணர்கள் சரிபார்த்து இதழில் அச்சாக ஒரு வருஷம்கூட ஆகுமாம். அதற்கு முன்பே எல்லோரும் பார்க்க இணையத்தில் போட்டுவிடுகிற வழக்கம் உண்டு. டீச்சரும் போட்டார். எனக்கு அது வேகாத சோற்றை இலையில் வைக்கிற வேலையாகப் பட்டது.

"கொரோனா சமயத்துல இப்படி முன்கூட்டியே போட்டதாலதான் எத்தனையோ உசுரு தப்பிச்சுது அண்ணாச்சி" என்றார்.

'சரிபார்க்கப்படாதது' என்று மேலேயே எழுதியிருந்தது. யார் பார்த்தார்கள்? தலைப்பை மட்டும் படித்த ஒருவன் வீடியோ போட்டுவிட்டான். ஊர் மிரண்டது. அதற்குள் எங்கோ பிரேசிலில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, உங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே வைத்திருந்த வைரஸே எச்சத்தோடு கலந்திருக்கலாம் என்று கீழே எழுதினார். டீச்சர் திரும்பச் சோதித்தார். அவர் சொன்னது சரி என்றே தெரிந்தது. அன்றே அதே பக்கத்தில் திருத்தத்தைப் போட்டார். அதற்குள் மருத மரங்களுக்கு அடியில் பகல் முழுக்க வெடி வெடித்து முடித்திருந்தார்கள். வௌவால்கள் போய்விட்டன.

கார்த்திகை மாசத்தில் ஒரு விடியற்காலை, பால் வாங்க வெளியே வந்தேன். டீச்சர் வீட்டு வாகை மரம் கறுத்துக் கிடந்தது. தெருவில் மரத்துக்கா பஞ்சம்? வேறெதிலும் ஒரு வௌவால்கூட இல்லை. பழந்தின்னி பகலிலும் கத்திக்கொண்டே இருக்கும். இவை வாயே திறக்கவில்லை. தலைகீழாகத் தொங்கிய அத்தனை முகமும் டீச்சர் வீட்டு வாசலையே பார்த்தன.

என் தம்பி நடராஜ் சரவெடியோடு வந்துவிட்டான்.

"ஏலே, பொறு" என்று அவனை நிறுத்திவிட்டு டீச்சரிடம் கேட்டேன். "இதுகளப் பத்தி எழுதுனது நீங்கதான?"

"தப்புன்னும் நாந்தான எழுதியிருக்கேன்."

"அத எவன் படிச்சான்? அப்பம் ரீபாவ இந்த மரத்தடியில விளையாட விடுவியளா?"

டீச்சர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "விடமாட்டேன் அண்ணாச்சி. திருத்தத்தையும் இன்னும் யாரும் சரிபாக்கல. நான் வேணா அடியில இருக்கேன்."

ரீபாவை ஸ்ரீவைகுண்டத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆள் இருக்கிற இடத்தில் எப்படி வெடி போடுவது? நடராஜ் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான். வௌவால்கள் அந்தியில் போவதும் விடியுமுன் வருவதுமாக இருந்தன. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் பகல் முழுக்க டீச்சர் அங்கேதான்.

அந்த வாரமே அவர் இருமினார். தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

மறைப்பாரா அவர்? திருத்தத்துக்குக் கீழேயே, இந்த முறை தமிழில், எழுதிவிட்டார். 'சில நாட்களாக வௌவால் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். இருமலும் லேசான காய்ச்சலும் இருக்கின்றன. வெறும் சளியாகவும் இருக்கலாம். ரத்தம் சோதனைக்குப் போயிருக்கிறது. தினமும் காலையில் எழுதுகிறேன்.'

திருத்தத்தைச் சீந்தாத தெரு இதை விடாமல் படித்தது. நடராஜ் பல் தேய்த்துக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டுவான். நேற்று 'காய்ச்சல் குறையவில்லை' என்று இருந்தது.

இன்று வெயில் ஏறிவிட்டது. புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஃபோனை எடுக்கவில்லை. நாற்காலி காலியாகக் கிடக்கிறது. மரத்தில் வௌவால்கள் முதன்முறையாகக் கத்துகின்றன.

எனக்குப் பயமாக இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு கேட்டுக்கு வந்துவிட்டேன். கதவைத் தட்ட வேண்டுமானால் அந்த மரத்தடி வழியாகத்தான் போக வேண்டும்.