யோயோவில் ஒரு பச்சை டாங்க்

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். ஒரு விடுமுறையில் வந்தபோது, முகாமில் கூட்டாளி ஒருவன் பழக்கிவிட்டதாகச் சொல்லி யோயோ சுழற்றிக் காட்டினான். கிளம்பும் அன்று வெள்ளை நிறத்தில் புதிதாக ஒன்றை என் கையில் கொடுத்தான்.

"அக்கா, நம்ம டாங்க் கேம் ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் உன் மஞ்ச டாங்க், மறுபக்கம் என் பச்ச டாங்க். வரஞ்சு வையி. அடுத்த லீவுக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

சின்ன வயதில் டிவியோடு இணைத்து, கேசட் செருகி ஆடிய விளையாட்டு அது. செங்கல் சுவர்களை உடைத்துக்கொண்டு எதிரி டாங்குகள் இறங்கி வரும். நான் கோட்டையைக் காத்து நிற்பேன். அவன் முன்னால் போய்ச் சுடுவான். அவனுடைய டாங்க் வெடித்தால் அழுவான். "அழாத, மறுபடி வரும்" என்பேன். வரும்.

நான் வாக்கப்பட்டது ராஜபாளையத்தில். அங்கே பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து வந்து சாயங்காலங்களில் வரைந்தேன். திருகினால் யோயோ இரண்டு பாதியாகக் கழன்றுவிடும். பளபளப்புப் போக உப்புத்தாளால் தேய்த்து, பென்சிலால் கட்டம் போட்டு, பல்குச்சி நுனியால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பவேண்டும். ஒரு பக்கம் பெயிண்ட் கனத்துவிட்டால் சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும். மஞ்சள் டாங்க் நன்றாகவே வந்தது.

பச்சையைத் தொடங்கியிருந்தபோதுதான் எல்லையில் சண்டை என்று செய்தி சொன்னார்கள். தம்பிக்குப் போன் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. லீவு சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் போனேன். யோயோவையும் பெயிண்டையும் டிபன் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது.

அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. டிவியில் ஒரே புகையைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊருட்டி அது? அவன் இருக்க எடமா?"

"தெரியலம்மா."

"யாருட்டயாச்சும் கேட்டியா?"

"யாருட்டம்மா கேக்க?"

சும்மா உட்கார முடியவில்லை. டப்பாவைத் திறந்து விட்ட இடத்திலிருந்து வரைய ஆரம்பித்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? புள்ள எங்க கெடக்கான்னு தெரியல, நீ பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருக்க!"

"அவன் கேட்டதும்மா."

"அது என்ன, பீரங்கி வண்டியா? அத எதுக்குட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்த? அழி!"

அழித்தால் ஏதோ நடந்துவிடும்போல் இருந்தது. வரைந்து முடித்தாலும் அப்படித்தான் இருந்தது. பச்சை டாங்குக்கு இன்னும் பீரங்கிக் குழாய் வரையவில்லை. அப்படியே விட எனக்குத் துணிவில்லை.

"அழிக்க மாட்டேன்."

அம்மா பிடுங்க வந்தாள். கை தட்டி, அந்தப் பாதி உருண்டு டிவி மேசைக்கு அடியில் போனது. பிறகு அம்மாதான் டிவியை அமர்த்திவிட்டு, குனிந்து கைவிட்டு எடுத்தாள். அவள் விரலெல்லாம் பச்சை.

"காயலயா இது?"

"இல்ல."

"வந்து பாத்தான்னா ஏசுவான். சரி பண்ணு."

விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். பல்குச்சி கட்டத்துக்குள் நிற்கவில்லை.

"செத்த நேரம் ஆட்டாம பிடிம்மா."

"நானா ஆட்டுதேன்? நீதாம்ட்டி ஆட்டுத."

அன்று அழைப்பு வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து வந்தது. அம்மா எடுத்தாள். "அம்மா, நாந்தான். நல்லா இருக்கேன். பொறவு பேசுதேன்." அவ்வளவுதான். துண்டித்த பிறகும் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் உலை வைத்தேன்.

சில மாதம் கழித்து அவன் வந்தான். மெலிந்திருந்தான். யோயோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். அம்மாவின் விரல் பட்டுக் கலங்கிய மூலையைத் தடவினான். வாசலில் நின்று சுழற்றினான். லேசாக ஆட்டம் கொடுத்தாலும் கைக்குத் திரும்பி வந்தது.

இரண்டாவது முறை வீசியபோது பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் சரவெடி கொளுத்தினார்கள். தம்பி சுவரோடு ஒட்டி நின்றுவிட்டான். யோயோ கயிற்றின் நுனியில் சுழன்று சுழன்று ஓய்ந்தது. அம்மா அவன் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை. வெடிச்சத்தம் அடங்கியது.

பிறகு அவன் மூச்சு விட்டுக் கயிற்றைச் சுருட்டினான்.

"கயிறு நீளமா இருக்குக்கா. கொஞ்சம் வெட்டணும்."

நான் கத்தரிக்கோல் எடுக்க உள்ளே போனேன்.