லெப்டொப்பை விட்டுவிட்டு வர மனமில்லை

நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் வகுப்பு எடுப்பேன். போன வருடம் அந்த வகுப்பு பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அறுந்துகொண்டிருந்தது. அதே வைஃபை என் போனில் ஒழுங்காக வேலை செய்தது. அண்ணன் கொழும்பில் பாவித்துவிட்டுத் தந்த பழைய லெப்டொப்பில் மட்டும்தான் இந்தக் கூத்து.

திருத்தக் கொடுத்தால் உள்ளே இருக்கும் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்று கூடப் படிப்பிக்கும் ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் மெமரி, ஹார்ட் டிஸ்க் இரண்டின் தொடர் இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். குடும்பப் படங்களை பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு லெப்டொப்பிலிருந்து அழித்தேன். அதற்குப் பிறகுதான் ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறினேன்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பிள்ளைகளுக்கு எடுக்கும் வகுப்பு அறுகிறது என்றதும் என் போன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வைஃபை கார்ட் பழசு, மாற்றினால் சரியாகும் என்றார். அவ்வளவு சீக்கிரம் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. பாஸ்வேர்ட் கேட்டார். நானே அடிக்கிறேன் என்று கையால் மறைத்துக்கொண்டு அடித்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அடிமூடியைக் கழற்றினார். கார்ட் தீப்பெட்டியை விடச் சின்னது. கறுப்பும் வெள்ளையுமாக, சிக்னல் பிடிக்கும் இரண்டு மெல்லிய வயர்கள் சட்டையின் அமுக்குப் பட்டன்போல அதில் பொருந்தியிருந்தன. அவர் விரல்களை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை. புதிய கார்டைப் போட்டு இயக்கியபோது, அனுமதியில்லாத கார்ட் மாட்டப்பட்டிருப்பதாகத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு மேல் லெப்டொப் அசையவில்லை.

"இந்த மாடல், கம்பனி ஒத்துக்கிட்ட கார்டத் தவிர வேற எதையும் எடுக்காதுங்க டீச்சர். வச்சிட்டுப் போங்க, ரெண்டு நாள்ல தேடிப் போட்டுத் தாரேன்."

வைத்துவிட்டுப் போகச் சொல்லத்தான் இவ்வளவு நாடகமும் என்று நினைத்தேன். பழைய கார்டையே போடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் போட்டார், காசும் வாங்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், முன்பு விட்டு விட்டாவது கிடைத்த வைஃபை இப்போது அறவே இல்லை. கெடுத்து அனுப்பினால் திரும்பி வந்துதானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். என்ன கேட்பது என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதே அவர் போன் பண்ணினார். அவசரத்தில் வயர் சரியாக அமுங்கவில்லையோ என்று தனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். பொருந்துகிற கார்ட் ஒன்றும் அகப்பட்டுவிட்டதாம். கத்த நினைத்த நான் நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மூடியைத் திறந்ததும் வெள்ளை வயர் கழன்று கிடந்ததை அவரே காட்டினார். தன் தவறு என்றார். செத்துப்போன அதே மாடல் லெப்டொப் ஒன்றிலிருந்து எடுத்த கார்டைப் போட்டார். லெப்டொப் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. நான் மடியில் கொப்பியை விரித்து இலக்கங்களைச் சரிபார்ப்பதைக் கண்டும் அவர் கோபப்படவில்லை.

"எழுதி வச்சிருக்கிறது நல்லதுங்க. போன மாசம் ஒருத்தரு, நான் டிஸ்க்க மாத்திட்டேன்னு பொலிசுக்குப் போயிட்டாரு. அவருகிட்டயும் இப்படி ஒரு கொப்பி இருந்திருந்தா நான் ரெண்டு நாள் அலைஞ்சிருக்க மாட்டேன்."

நான் கடைசி இலக்கம் வரை பார்த்து முடித்தேன். இலக்கங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் அந்தப் பொலிஸ் கதையில் உண்மையில் யார் பக்கம் நியாயம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு இரண்டு மணித்தியாலமும் அறுபடாமல் நடந்தது. முடியும் நேரத்தில் ஒரு பிள்ளை, நான் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் எழுதுவதை இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்ததாகச் சொன்னாள். கடைக்காரருக்கு அதைப் போன் பண்ணிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.